பச்சை கேட்டு, மாடி வீடு

உக்காருங்க, உக்காருங்க, உங்க பையை நான் மடியில வெச்சுக்கறேன். சத்தியமங்கலம் வரைக்கும் போறீங்களா? அப்ப நல்லதாப் போச்சு. நான் புளியம்பட்டி தாண்டி எறங்கறேனுங்க. ஐயோ, கடலையெல்லாம் வேண்டாங்க, நீங்க சாப்பிடுங்க. கடலை நல்லதுதான், இல்லைங்கல. ஆனா அதுல அவிங்க போட்டிருக்கற உப்பு இருக்குது பாருங்க. சரி, நான் ஒண்ணும் சொல்லல. ஒரு கைப்பிடிக்கு மேல வேண்டாம், அவ்வளவுதான்.

இல்லைங்க, தனியா வரல. அதோ முன்னால, மூணாவது சீட்டுல மஞ்சச் சுடிதார், அவதான் வீட்டுக்காரி, சுபாஷினி. தோள்ல சாஞ்சு தூங்கறது பாப்பா, தன்ஷிகா, எல்கேஜி படிக்குது. சேந்தாப்ல மூணு பேருக்கு எடம் இருந்துச்சுங்க. பின்னாடி காத்து நல்லா வரும், நீங்க அங்க போயி உக்காருங்கன்னு அவளே அனுப்பி விட்டா. எம்மேல அத்தனை அக்கறை.

நான் லோகநாதனுங்க. கோயமுத்தூர் கணபதில ஒரு பம்ப் கம்பெனில குவாலிட்டில இருக்கேன். வர்ற சாமானை எல்லாம் அளந்து பாத்து, நூலளவு வித்தியாசம் இருந்தாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பற வேலை. முப்பத்தி மூணு வயசுல பதினோரு வருசம் இதே வேலைதான். எங்கண்ணுக்கு எதுவும் தப்பாதுங்க. அப்பேர்ப்பட்ட கண்ணு ஒருக்கா ஏமாந்துருச்சு. அதுக்கோசரம்தான் இன்னைக்கு இந்த பஸ்ல உக்காந்திருக்கேன்.

ஆடி மாசம் கம்பெனில எல்லார்த்துக்கும் ரத்தம் எடுத்தாங்க. எனக்குக் கொழுப்பு முன்னூத்திப் பத்து. ஈரல்ல வேற படிஞ்சிருக்குதாம். டாக்டரம்மா சின்ன வயசுப் பொண்ணுதான், சாயங்காலம் என்ன சாப்பிடுவீங்கன்னு கேட்டுச்சு. உள்ளதைச் சொன்னேன். வாரத்துல நாலு நாள் பரோட்டா, ரெண்டு நாள் பிரியாணி, சனிக்கிழமை மட்டும் சைவம், அன்னைக்கு நெய் ரோஸ்ட்டு. எல்லாம் போன்ல ஆர்டர் போடறதுதானுங்க. நாங்க ரெண்டு பேரும் வேலை முடிஞ்சு வீடு வந்து சேர்றதே ஏழு மணி, அதுக்கு மேல யாரு அடுப்பு பத்த வெக்கறது? அந்தப் பொண்ணு எழுதிட்டிருந்த பேனாவை நிறுத்திட்டு, உங்க பாப்பாவுக்குக் கல்யாணம் ஆகறப்ப நீங்க இருக்கணுமா வேண்டாமான்னு கேட்டுச்சு. எனக்குச் சுருக்குன்னு போச்சு.

அதே வாரம் பாப்பா ஸ்கூல்ல ஒரு சார்ட்டு. 'எங்கள் குடும்ப நண்பர்கள்'னு தலைப்பு. அம்மாவோட ஃப்ரெண்ட்ஸ் ஒரு பக்கம், அப்பாவோட ஃப்ரெண்ட்ஸ் ஒரு பக்கம். அம்மா பக்கத்துல ஆறு போட்டோ ஒட்டியிருக்குது. அப்பா பக்கத்துல போட்டோவே இல்லைங்க, ஒரே ஒரு படம், கிரேயான்ல வரைஞ்சது. பைக்குல ஒருத்தரு, முதுகுல பெரிய சதுரப் பை. மிஸ்ஸு எல்லாப் பெத்தவங்களும் நிக்கறப்ப கேக்கறாங்க, இது யாரு தன்ஷிகான்னு. இது சொல்லுது:

"அங்குராஜ் அங்கிள். டெய்லி வருவாரு. அவரைப் பாத்தாத்தான் அப்பா சிரிப்பாங்க."

எல்லாரும் கெக்கெக்கென்னு சிரிச்சாங்க. நானும் சிரிச்சேனுங்க, வேற என்ன பண்றது? சுபாஷினி மட்டும் சிரிக்கல. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டுறப்ப மெதுவாக் கேட்டா, நம்ம கல்யாணத்துக்கு அப்புறம் உங்களைத் தேடி யாராச்சும் வீட்டுக்கு வந்திருக்காங்களான்னு. நல்லா யோசிச்சுப் பாத்தேன். கேஸ்காரர் வந்திருக்காரு. ஒருக்கா கேபிள்காரர் வந்தாரு. வெக்கமா இருந்துச்சுங்க. நாளைக்கு நான் ஆஸ்பத்திரில படுத்தா, ஒரு ஆப்பிள் வாங்கிட்டு வந்து பக்கத்துல உக்காரக்கூட ஆளில்ல.

அன்னைக்கே முடிவு பண்ணேன். சாப்பாட்டை மாத்தறது, ஃப்ரெண்டு புடிக்கறது, ரெண்டையும் ஒரே நாள்ல ஆரம்பிக்கறதுன்னு. போன்ல அந்த ஆப்பை அழிச்சேன். தினை, சாமை, குதிரைவாலி எல்லாம் வாங்கியாந்து டப்பாவுல போட்டு, பேர் எழுதி, தேதி போட்டு அடுக்குனேன். ராத்திரியே பாசிப்பயறு ஊற வெச்சு, துணில கட்டி, முளை விட வெச்சு, காலையில டப்பாவுல போட்டுக்குவேன். இப்பவும் பையில இருக்குது பாருங்க. முளை ஒண்ணொண்ணும் அரை இஞ்சு. அதுக்கு மேல போனா கசப்பு தட்டும்.

அங்குராஜா? அந்த டெலிவரிக்காரருங்க. பத்து ஆர்டர் போட்டா ஏழுக்கு அவருதான் வருவாரு, ரெண்டு வருசமா. நான் படியிறங்கிப் போவேன், கேட்டுக்கிட்ட நின்னு ரெண்டு வார்த்தை பேசுவோம், அவ்வளவுதான். ஒரு நாள் அவரு பைக்கு ஸ்டார்ட் ஆகல, நான் பிளக்கைக் கழட்டித் தேச்சுப் போட்டுக் கொடுத்தேன். ஒரு நாள் நல்ல மழை, துண்டு கொடுத்தேன், தலையைத் துவட்டிட்டு அடுத்த நாள் துவைச்சு மடிச்சுக் கொண்டாந்து கொடுத்தாரு. பாப்பாவுக்குக் காச்சல்னு ஒருக்கா சொல்லிட்டேன், மூணு நாளைக்கு வர்றப்பெல்லாம் காச்சல் விட்டுச்சுங்களான்னு கேப்பாரு. எனக்கு சால்னா கூடக் கொஞ்சம் வேணும்னு ஓட்டல்ல சொல்லி வாங்கியாருவாரு. இதைப் போயி ஃப்ரெண்டுன்னு சொல்ல முடியுமுங்களா? அது டெலிவரிங்க. பாப்பாவுக்கு என்ன தெரியும்.

அதனால முறையா ஃப்ரெண்டு தேடுனேன். எங்க வீட்டுக்குப் பக்கத்துல ஒரு பார்க்கு. காலையில ஆறு மணிக்கு அஞ்சு பேரு சேந்து நடப்பாங்க, எல்லாம் என் வயசுதான். நானும் போயி ஒட்டிக்கிட்டேன். நல்ல மனுசங்க, வாங்க வாங்கன்னு சேத்துக்கிட்டாங்க. ஆனா நடந்து முடிச்சதும் நேரா பேக்கரிக்குப் போறாங்க பாருங்க. ஆளுக்கொரு டீ, ஒரு பப்ஸ்ஸு, ஒருத்தரு தேங்காய் பன்னு. நம்ம ஊர்ல நடக்கறதே பேக்கரிக்குப் போறதுக்குத்தானுங்களே. எனக்கு மனசு கேக்கல. அந்தப் பப்ஸ்ஸை வாங்கி ஒரு காகிதத்துல வெச்சு அமுக்கிக் காட்டுனேன், எண்ணெய் எவ்வளவு ஊறுதுன்னு. நம்ம நடந்தது நூத்தி எம்பது கலோரி, இது முன்னூறு, ஆக மொத்தம் நீங்க வீட்டுலயே தூங்கியிருக்கலாம்னு கணக்குப் போட்டுச் சொன்னேன். எல்லாரும் அமைதியாக் கேட்டுக்கிட்டாங்க. அவங்களுக்கும் சேத்துப் பாசிப்பயறு கொண்டு போனேன், நாலு நாள். அஞ்சாம் நாள் போறேன், பார்க்குல ஒருத்தரையும் காணோம். பாவம், நடக்கறதையே விட்டுட்டாங்க. அப்புறம் ஒரு நாள் பால் வாங்க அஞ்சேகாலுக்குப் போனப்ப பாத்தேன், அஞ்சு பேரும் நடக்கறாங்க. நேரத்தை மாத்தியிருக்காங்க, எனக்குச் சொல்ல மறந்துட்டாங்க போல.

ஸ்கூல் அப்பாமார் வாட்ஸ்அப் குரூப்புலயும் சேந்தேனுங்க. பிரணவ்னு ஒரு பையனோட அப்பா, நல்லாப் பழகுனாரு, ஞாயித்துக்கிழமை ஷட்டில் ஆட வாங்கன்னு கூப்பிட்டாரு. போனேன். ஆட்டம் முடிஞ்சு டீ குடிக்கறப்பப் பாத்தா மூணு ஸ்பூன் சக்கரை போடறாரு. நான் ஒண்ணுமே சொல்லலைங்க. வீட்டுக்கு வந்து சக்கரை வியாதியில கால் எடுக்கற வீடியோ ஒண்ணு இருந்துச்சு, அதை மட்டும் அனுப்புனேன். அடுத்த வாரத்துல இருந்து அவருக்கு முதுகு வலியாம், ஷட்டில் ஆடறதில்லைன்னு சொன்னாரு. பாத்தீங்களா, எல்லாம் அந்தச் சக்கரை பண்ற வேலை.

இப்படியே மூணு மாசம் ஓடிப்போச்சு. கொழுப்பு எரநூத்தி முப்பதுக்கு எறங்குச்சு. ஃப்ரெண்டு மட்டும் கிடைக்கல. ஏன்னு எனக்கு இன்னும் புரியலைங்க. நான் அளந்துதான் பேசறேன்.

ஐப்பசில ஒரு ஞாயித்துக்கிழமைங்க. சாயங்காலம் ஒரு அஞ்சு மணி இருக்கும். கீழ பைக்குச் சத்தம், சார்னு ஒரு குரல். நான் மாடில நின்னு எட்டிப் பாக்கறேன். அங்குராஜ். மூணு மாசமா பரோட்டா வாசம் இல்லாம இருக்கேன், இப்பப் பையைத் தொறந்தா என் கதி என்ன? யாரோ விலாசம் மாத்திப் போட்டிருக்காங்கன்னு நெனச்சேன். மேல இருந்தே கையை ஆட்டி, "நான் ஆர்டர் பண்ணலைங்க, வேற வீட்டுக்கா இருக்கும், பாருங்க"ன்னு சொன்னேன். அவரு பைக்குக்குப் பின்னால ஒருக்கா திரும்பிப் பாத்தாரு. அப்புறம், "சரிங்க சார்"னு சொல்லிட்டு வண்டியத் திருப்பிட்டாரு. நான் உள்ள வந்து, சுபாஷினிகிட்டப் பெருமையாச் சொன்னேன், வீடு தேடி வந்த பரோட்டாவையே திருப்பி அனுப்பிட்டேன்னு.

பாப்பா ஜன்னல்ல இருந்து பாத்துட்டு இருந்துச்சு. அது சொல்லுது, அப்பா, அங்கிள் பையே கொண்டாரல, அங்கிள் வேட்டி கட்டியிருந்தாரு, பைக்குக்குப் பின்னால ஒரு ஆன்ட்டி தட்டுல பூ வெச்சுட்டு உக்காந்திருந்தாங்கன்னு.

சுபாஷினி கையில இருந்த கரண்டியைக் கீழ வெச்சா. புருசன் பொண்டாட்டியா, வேட்டி கட்டி, தட்டோட வந்தா அது பத்திரிகை வெக்க வந்தவங்க, அவங்களைப் போயி வேற வீட்டைப் பாருன்னு தொரத்திட்டீங்களேன்னா. உங்களுக்கே தெரியும், நம்ம பக்கம் பத்திரிகையை கேட்டுல சொருகிட்டுப் போறதில்ல. ரெண்டு பேரா வந்து, தட்டுல வெத்தலை பாக்கு, மஞ்சள், குங்குமத்தோட நேர்ல கையில கொடுக்கணும். வாங்கறவன் வாசலைத் தொறந்து வாங்கன்னு சொல்லணும். நான் மாடியில நின்னு ஆர்டர் பண்ணலைன்னு சொல்லியிருக்கேன். நூலளவு பிசிறைக் கண்டுபுடிக்கற கண்ணுங்க இது. முழுசா ஒரு வேட்டியப் பாக்கல. முதுகுல பை இருக்குதான்னு பாக்கல. என் மூஞ்சில நானே சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிக்கணும் போல இருந்துச்சு.

அவரைப் புடிக்கறது எப்படி? நம்பர் கிடையாது. அந்த ஆப்புல நம்பர் காட்டாது. எந்த ஊரு, எங்க வீடு, ஒண்ணும் தெரியாது. ரெண்டு வருசமா அவரு என் வீட்டுப் பாப்பா காச்சல் வரைக்கும் விசாரிச்சிருக்காரு, நான் அவருக்குப் புள்ளை குட்டி இருக்கான்னுகூடக் கேக்கல.

ஒரே வழிதான் இருந்துச்சு. மறுபடியும் ஆப்பை ஏத்துனேன். பரோட்டா ஆர்டர் போட்டேன். வேற ஒரு தம்பி வந்தாரு. அங்குராஜைத் தெரியுமான்னா, எங்கள்ல ஆயிரம் பேரு இருக்கோம் சார்னு போயிட்டாரு. அடுத்த நாள் மறுபடி. வேற ஆளு. வாங்குனதை வீணாக்கக் கூடாதில்லீங்களா, அதனால சாப்பிட்டேன். எட்டு நாள், எட்டு ஆர்டர். ஒரு மன்னிப்பு கேக்கறதுக்காக முப்பத்தி ரெண்டு பரோட்டா தின்னவன் நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். கொழுப்பு எங்க போயி நிக்குதோ, நாளைக்கு டெஸ்ட்டு எடுத்தாத்தான் தெரியும்.

ஒம்போதாம் நாள் போன்ல பேர் வந்துச்சு, அங்குராஜ்னு. நான் அவரு வர்றதுக்குப் பத்து நிமிசம் முன்னயே கேட்டுல போயி நின்னுட்டேன். வண்டிய நிறுத்தி எறங்குனாரு. நான் போயி வண்டி ஹேண்டிலைப் புடிச்சுக்கிட்டேன். அவரே பேசுனாரு.

"சார், மூணு மாசமா உங்க ஆர்டரே வரலையா, ஒடம்புக்கு ஏதாச்சும் ஆயிடுச்சோன்னு நெனச்சேன். அதான் அன்னைக்கு வந்தேன். நல்லா இருக்கீங்களே, அது போதும்."

அவரு எம்மேல கோபமா இருந்திருந்தா நல்லா இருந்திருக்குமுங்க. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. பரோட்டாவை விட்டுட்டேன், சிறுதானியம்தான் சாப்பிடறேன், உங்களைப் பாக்கறதுக்குத்தான் எட்டு நாளா ஆர்டர் போட்டேன்னு எல்லாத்தையும் கொட்டிட்டேன். சிரிச்சாரு. பத்திரிகை வெக்கற அலைச்சல்ல ஒரு வாரமா வேலைக்கே வரலைங்க சார், புள்ளைக்குக் காது குத்து, குலதெய்வம் கோயில்ல கெடா வெட்டுன்னாரு. அப்ப பத்திரிகையக் கொடுங்கன்னு கையை நீட்டுனேன். அவரு தரல. கம்பெனி பனியனோட, வீட்டுக்காரியும் இல்லாம, பரோட்டாப் பையோட பத்திரிகை வெக்கறது மரியாதை இல்லைங்க, நாளைக்கு முறையா வர்றோம்னாரு.

அடுத்த நாள் நானும் வேட்டி கட்டிட்டு நின்னேன். சுபாஷினி கோலம் போட்டா. ரெண்டு பேரும் வந்தாங்க, உள்ள வந்து உக்காந்து காப்பி குடிச்சாங்க. சக்கரை போட்டுத்தானுங்க, நான் வாயே தொறக்கல. சுபாஷினி ரெண்டு தடவை என்னைத் திரும்பிப் பாத்தா. பத்திரிகையக் கையில வாங்கி மேல எழுதியிருக்கறதைப் படிக்கறேன். எம் பேருக்குக் கீழ, 'பச்சை கேட்டு, மாடி வீடு, பெல் அடிக்க வேண்டாம், குழந்தை தூங்கும், கீழே நின்று கூப்பிடவும்'னு எழுதியிருக்காரு. ரெண்டு வருசத்துக்கு முன்னால நான் ஆப்புல போட்டது. விலாசம்னா அதுதானுங்களே சார் உங்க விலாசம்னாரு. அந்தக் கவரைக் கிழிக்காம வெச்சிருக்கேன், இந்தப் பையிலதான் இருக்குது. பாக்கறீங்களா?

ஒரு நிமிசம் இருங்க, போன் அடிக்குது.

ஆ, சொல்லுங்க அங்குராஜ். இல்லை இல்லை, வந்துட்டே இருக்கோம். அன்னூர்ல பஸ்ஸு ரொம்ப நேரம் நின்னுச்சு, அதான். இல்லைங்க, எறங்கலைங்க, பஸ்லதான் இருக்கோம். சரி. சரிங்க. அதெல்லாம் எதுக்குங்க? சரி. வெச்சர்றேன்.

அவருதானுங்க. லைவ் லொகேஷன் போடச் சொல்லியிருந்தாரு, போட்டு விட்டிருக்கேன். சார், அன்னூர்லயே பத்து நிமிசமா நின்னுட்டு இருந்தீங்களே, என்னாச்சுன்னு கேக்கறாரு. எரநூறு பேரு ஒறம்பரை, சொந்தக்காரங்க வந்திருக்காங்க, புள்ளையை மடியில வெச்சுக் காது குத்தப் போறாங்க, மனுசன் போனைக் கையில வெச்சுட்டு என் பஸ்ஸு நகருதா நிக்குதான்னு பாத்துட்டு இருக்காரு. ரெண்டு வருசமா நான் அவரு வர்றதைத்தான் அந்த மேப்புல பாத்துட்டு இருந்தேன். அதுவும் பரோட்டாவுக்காக. என்னையும் ஒருத்தரு இப்படி வழி பாப்பாருன்னு நான் நெனச்சதே இல்லைங்க.

கேளுங்க, இன்னொண்ணு சொன்னாரு. எல்லார்த்துக்கும் சோறு, சாருக்கு மட்டும் ராகிக்களி கிண்டி வெச்சிருக்குது, வீட்டுக்காரி நாலு மணிக்கே எந்திரிச்சுக் கிண்டுனான்னு. கெடாக் கொழம்பும் எனக்குன்னு எண்ணெய் மெதந்ததை வழிச்செடுத்து வெச்சிருக்காங்களாம். நான் எத்தனை பேருக்கு எண்ணெயைப் பத்திப் பேசியிருப்பேன். எனக்காக ஒருத்தரு அதை வழிச்செடுத்தது இதுதான் முதல் தடவை. திங்கப் போறேனுங்க. களியும் திங்கப் போறேன், கறியும் திங்கப் போறேன். நாளைக்கு டெஸ்ட்டுல என்ன வருதோ வரட்டும்.

அதோ புளியம்பட்டி வந்துருச்சு. இனி ரெண்டு ஸ்டாப்புதான். இந்தாங்க, இந்த டப்பாவை நீங்க வெச்சுக்கங்க. பாசிப்பயறுங்க, விருந்துல கறிக்குப் பதிலா இதைத் திங்கலாம்னு கொண்டாந்தேன். களி கிண்டுன எடத்துல இதைத் தொறந்தா நல்லாருக்காது. ஐயோ, கொட்டிட்டுக் காலி டப்பாவா இப்பவே தர்றேன்னு சொல்லாதீங்க, சாப்பிட்டுட்டு மெதுவாக் கொடுங்க. ஆனா திருப்பிக் கொடுத்துரணும், சுபாஷினிக்கு அவங்கம்மா சீர்ல வெச்ச டப்பா, மூடியோட எண்ணுவா. சரவணம்பட்டி வந்து, பார்க்குக்கு எதுத்த சந்து, பச்சை கேட்டு, மாடி வீடு. பெல் அடிக்க வேண்டாங்க, பாப்பா தூங்கும்.

டப்பாவைக் காலியாத் திருப்பித் தர்ற வழக்கம் உங்க வீட்டுலயும் இருக்காது. முறுக்கோ, அதிரசமோ, எதைப் போட்டுக் கொண்டாந்தாலும் சரி, எண்ணெயைப் பத்தி நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். கடைசில ஒரு ரெண்டு கடலை கொடுங்க, வாயில போட்டுக்கறேன்.

நல்லாத்தான் இருக்குது.

இத்தனை நேரம் நானே பேசிட்டு வந்திருக்கேன், உங்க பேரைக்கூடக் கேக்கல பாருங்க. சொல்லுங்க, சீக்கிரம், சுபாஷினி எந்திரிச்சுட்டா. சரிங்க, மனசுல வெச்சுக்கறேன். கீழ நின்னு ஒரு குரல் கொடுங்க. மாடில இருந்து எட்டிப் பாத்துப் பேசற பழக்கத்தை விட்டாச்சு. யாரு வந்தாலும் எறங்கி வந்துதானுங்க பாக்கறது.